லட் கணக்கும் லாஜிக் செல் கணக்கும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எஃப்.பி.ஜி.ஏ., அதாவது வாங்கிய பிறகு நாமே உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சில்லு, அதற்குள் நாம் அமைக்கும் செயலி (புராசஸர்), அதாவது சாஃப்ட் கோர், ஒரு தலைமுறைச் சில்லில் எடுக்கும் இடத்தையும் அடுத்த தலைமுறையில் எடுக்கும் இடத்தையும் எப்படி ஒப்பிட்டு வாங்குவது என்பதே அது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், விற்பனையாளர்கள் மீதான வசவுகளை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருக்கும் சைலிங்க்ஸ் ஸ்பார்ட்டன்-3 போர்டில் பிகோபிளேஸ் என்ற சிறிய சாஃப்ட் கோர் 96 ஸ்லைஸ் எடுக்கிறது. சைலிங்க்ஸின் 7-ஆம் வரிசைச் சில்லுகளில் அது 26 ஸ்லைஸ்தான் என்று படித்தேன். … அப்படியானால் புதிய ஸ்லைஸ் ஒன்று பழைய ஸ்லைஸ் நான்குக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு, மிகச் சிறிய சில்லையே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஸ்லைஸ் என்ற பெயர்தான் மாறவில்லை, அதற்குள் இருப்பது மாறிவிட்டது. ஸ்பார்ட்டன்-3 சில்லின் ஒரு ஸ்லைஸில் நான்கு உள்ளீடு கொண்ட லுக்-அப் டேபிள் (உள்ளீடுகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் உரிய விடையை வைத்திருக்கும் சிறு அட்டவணை), நாம் அனைவரும் ‘லட்’ என்று சொல்வது, இரண்டு இருந்தது. 7-ஆம் வரிசையின் ஸ்லைஸிலோ ஆறு உள்ளீடு கொண்ட லட்கள் நான்கு இருக்கின்றன. ஆகவே பழைய 96 ஸ்லைஸ் என்பது 192 லட்; புதிய 26 ஸ்லைஸ் என்பது 104 லட். நான்கில் ஒரு பங்காகத் தெரிந்தது, பிரித்துப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேலாகவே நிற்கிறது.

அது மட்டுமன்று. இரண்டும் ஒரே பெயரில் வழங்கினாலும் ஒரே வடிவமைப்பு அல்ல. சைலிங்க்ஸ் நிறுவனத்தின் கென் சாப்மன் ஆறு உள்ளீட்டு லட்டின் ஒவ்வொரு மூலையையும் பயன்படுத்தும்படி அந்தக் கோரைப் புதிதாகவே எழுதினார். பழையது 1,024 கட்டளைகள் கொண்ட நிரலோடு நின்றது, புதியது 4,096 வரை ஏற்கிறது, பதிவகங்களும் (ரெஜிஸ்டர்களும்) இரண்டு மடங்கு. சில்லின் அளவுக்கே கத்தரித்துத் தைத்த சட்டை அது. நீங்கள் வெரிலாக் என்ற வடிவமைப்பு மொழியில் பொதுவாக எழுதி வைத்திருக்கும் வடிவமைப்பு அதே விகிதத்தில் சுருங்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கேள்வி: சைக்ளோன்-4 சில்லு 6, 8 என்று இரண்டு ஸ்பீடு கிரேடுகளில் கிடைத்தது. 8 வேகமானது என்று அதை வாங்கினேன். கோர் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. சில்லு பழுதா?

பதில்: பழுதில்லை. ஆல்டெரா சில்லுகளில் எண் குறையக் குறைய வேகம் கூடும். சைலிங்க்ஸ் சில்லுகளில் எண் கூடக் கூட வேகம் கூடும். டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: வெக்ஸ்ரிஸ்க்வி என்ற ரிஸ்க்-ஃபைவ் கோரின் மிகச் சிறிய வடிவத்துக்கு நான்கு வெவ்வேறு அளவுகள் தரப்பட்டுள்ளன: சைக்ளோன்-5இல் ஏறத்தாழ 350, ஆர்ட்டிக்ஸ்-7இல் 500, சைக்ளோன்-4இல் 730, லாட்டிஸின் ஐஸ்40இல் 1,100. … கோர் ஒன்றுதானே? எதை நம்பி வாங்குவது? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ள ஒரு பெருக்குத்தொகை சொல்லுங்கள்.

பதில்: நான்கையும் நம்பலாம். அவற்றை அருகருகே வைத்துப் பெரிது சிறிது பார்ப்பதுதான் தவறு, ஏனெனில் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது. சைக்ளோன்-5இன் எண் ஏ.எல்.எம். என்ற பெரிய பெட்டிகளின் கணக்கு. ஒரு பெட்டிக்குள் இரண்டு லட்களும், ஆளுக்கொரு பிட்டை நினைவில் வைக்கும் நான்கு ஃபிளிப்-ஃபிளாப்புகளும் உண்டு. சைலிங்க்ஸின் 7-ஆம் வரிசையைச் சேர்ந்த ஆர்ட்டிக்ஸின் எண் ஆறு உள்ளீட்டு லட்களின் கணக்கு. மற்ற இரண்டும் நான்கு உள்ளீட்டு லட்கள். ஆனாலும் அவை இரண்டுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள். லட்டின் உள்ளீட்டு எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள கேரி இணைப்பும் (கூட்டலில் மிகுதியை அடுத்த பிட்டுக்குக் கடத்துவது) வடிவமைப்பை லட்களாக உடைக்கும் மென்பொருள் கருவியும் வேறு என்றால் விடையும் வேறாகிவிடும்.

பெருக்குத்தொகை கேட்கிறீர்கள். அப்படி ஒன்று ஏன் இருக்க முடியாது என்பதைச் செயலியின் உறுப்புகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் தெரியும். 32 பிட் கூட்டல் சுற்றுக்குப் பழைய சில்லிலும் 32 லட், புதிய சில்லிலும் 32 லட். கேரி இணைப்பு ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு லட்டைக் கேட்பதால், லட் பெரிதானதால் அங்கே மிச்சம் ஏதுமில்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மல்டிபிளெக்சருக்கோ நான்கு தரவும் இரண்டு தேர்வும் சேர்ந்து சரியாக ஆறு உள்ளீடுகள் வேண்டும். புதிய சில்லில் அது ஒரே லட்டில் அடங்கிவிடுகிறது, பழையதில் பிட்டுக்கு இரண்டு தேவைப்படுகின்றன. பதிவகத் தொகுப்பில்தான் உண்மையான பள்ளத்தாக்கு இருக்கிறது: 32 பிட் அகலமுள்ள 32 பதிவகங்களை, ஒரே நேரத்தில் இரண்டைப் படிக்கும்படி, ஸ்பார்ட்டன்-3இன் லட்களை நினைவகமாக்கி அமைத்தால் 250 லட்களைத் தாண்டிவிடும். பிகோ-ஆர்.வி.32 என்ற கோர் 7-ஆம் வரிசைச் சில்லில் அதே வேலைக்கு 48 லட்களே செலவிடுகிறது. ஐஸ்40 சில்லின் லட்களை நினைவகமாகப் பயன்படுத்தவே முடியாது; பதிவகங்கள் சில்லிலேயே தனியாக இருக்கும் பிளாக் ராம் நினைவகத்துக்குப் போகும், அப்போது லட் கணக்கில் அவை காணாமலே போய்விடும்.

ஆகவே கூட்டல் மிகுந்த கோர் புதிய தலைமுறையில் கொஞ்சமே இளைக்கும், தேர்வுச் சுற்றுகள் மிகுந்த கோர் நன்றாக இளைக்கும். ஒரு நேரத்தில் ஒரே பிட்டைக் கையாளும் செர்வ் என்ற கோரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐஸ்40இல் ஏறத்தாழ 200 லட், ஆர்ட்டிக்ஸ்-7இல் ஏறத்தாழ 125 லட், ஆனால் ஃபிளிப்-ஃபிளாப் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, 164. நிலையை நினைவில் வைக்கும் பகுதி எந்தத் தலைமுறையிலும் சுருங்குவதில்லை. பல கோர்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

கேள்வி: 4,608 லாஜிக் எலிமென்ட் உள்ள சைக்ளோன்-2 போர்டுகள் மிக மலிவாகக் கிடைத்ததால் பத்து வாங்கிவிட்டேன். இப்போது தரவிறக்கிய குவார்ட்டஸ் மென்பொருளின் பட்டியலில் அந்தச் சில்லே இல்லை. …

பதில்: பத்தா? ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு மற்ற ஒன்பதைப் பற்றி யோசித்திருக்கலாம். சைக்ளோன்-2ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு குவார்ட்டஸ்-2இன் 13.0, முதல் சர்வீஸ் பேக்குடன். அதைத் தேடி நிறுவுங்கள். இதே போல ஸ்பார்ட்டன்-6ஐச் சைலிங்க்ஸின் புதிய மென்பொருளான விவாடோ ஏற்காது. அதற்கு 2013இல் நின்றுபோன பழைய மென்பொருளான ஐ.எஸ்.இ. 14.7 வேண்டும். இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லைதான்: மலிவு என்று நான் வாங்கிய பழைய தலைமுறை போர்டுகள் இரண்டுக்காகவே ஒரு கிழட்டுக் கணினியை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறேன். ஆனால் நான் வாங்கியது இரண்டு.

கேள்வி: 33,280 லாஜிக் செல் என்று பார்த்து ஆர்ட்டிக்ஸ்-7 குடும்பத்தின் 35டி சில்லுள்ள போர்டை வாங்கினேன். கருவியோ மொத்த லட் 20,800 என்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லையே, சிறிய சில்லைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: உங்களுக்குச் சரியான சில்லைத்தான் தந்திருக்கிறார்கள். 20,800ஐ 1.6ஆல் பெருக்கிப் பாருங்கள், 33,280 வரும். அந்தச் சில்லுக்குள் லாஜிக் செல் என்ற பொருள் எங்குமே இல்லை. ‘எங்கள் பெரிய லட் ஒன்று, பழைய நான்கு உள்ளீட்டு லட்டும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பும் சேர்ந்த ஜோடிகளில் இத்தனைக்குச் சமம்’ என்று விற்பனைப் பிரிவு போட்டுக்கொண்ட ஒரு பெருக்கல் மட்டுமே அது.

இது என் பழைய ஆற்றாமை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான்கு உள்ளீட்டுக் காலத்திலேயே இந்த ஊதல் தொடங்கிவிட்டது. ஸ்பார்ட்டன்-3இ குடும்பத்தின் 500இ சில்லில் 9,312 லட்கள். ஏட்டில் 10,476 லாஜிக் செல்கள், அதாவது 1.125 மடங்கு. ஆறு உள்ளீட்டு லட் வந்ததும் 1.6 மடங்கு ஆயிற்று: ஸ்பார்ட்டன்-6 குடும்பத்தின் எல்.எக்ஸ்.9 சில்லில் 5,720 லட், 9,152 லாஜிக் செல். சரி, லட் பெரிதாகிவிட்டது, ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று விட்டுவிடலாம். அடுத்து வந்த அல்ட்ராஸ்கேல் தலைமுறையில் லட்டின் உள்ளீடுகள் அதே ஆறுதான். ஆனால் கின்டெக்ஸ் அல்ட்ராஸ்கேல் 040 சில்லில் 2,42,400 லட்களை 5,30,250 ‘சிஸ்டம் லாஜிக் செல்’ என்று எழுதியிருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் 2.1875 வருகிறது. லட் வளராத தலைமுறையில் பெருக்குத்தொகை மட்டும் வளர்ந்திருக்கிறது! எதிர்த்தரப்பான ஆல்டெராவும் சளைத்ததன்று: சைக்ளோன்-5இன் சிறிய சில்லுகளில் ஒன்றான ஏ4, 18,480 ஏ.எல்.எம். கொண்டது; விளம்பரத்தில் அது 49 ஆயிரம் லாஜிக் எலிமென்ட், அதாவது 2.65 மடங்கு. சைக்ளோன்-4 வரை லாஜிக் எலிமென்ட் என்பது உண்மையாகவே ஒரு லட்டும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்புமாக இருந்தது என்பதால், அதே சொல்லைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே இன்னும் எளிதாக வழுக்கி விழுகிறார்கள்.

இதற்கும் முன்னால், சில்லின் அளவை லாஜிக் கேட்களின் எண்ணிக்கையால் சொல்லும் ‘கேட்’ கணக்கு இருந்தது. அதில் விழுந்தவன் நான். ஐந்து லட்சம் கேட் என்ற எழுத்தைப் பெட்டியின் மேலே பார்த்துவிட்டு, இதில் எட்டு செயலிகளையாவது அடுக்கலாம் என்று கனவு கண்டு, கையிருப்பை எல்லாம் போட்டு ஒரு போர்டு வாங்கினேன். உள்ளே இருந்த லட்கள் பத்தாயிரத்தைக்கூடத் தொடவில்லை. நினைவகப் பிட்களையும் கேட்களாக எண்ணி அந்த ஐந்து லட்சத்தை நிரப்பியிருந்தார்கள். எட்டில் இரண்டைத்தான் வைக்க முடிந்தது, இரண்டாவதும் வேகத்தில் நொண்டியது. அன்று முதல் சில்லு வாங்கும்போது டேட்டாஷீட்டில் லட், ஃபிளிப்-ஃபிளாப், பிளாக் ராம், பெருக்கிகள் ஆகிய நான்கு வரிசைகளைத் தவிர வேறு எந்த எண்ணையும் நான் படிப்பதில்லை.

கேள்வி: நான் கேட்ட சில்லின் பெயர்தான் மேலே பொறித்திருந்தது. ஆனால் இணைத்தவுடன் கருவி அதைச் சிறிய சில்லு என்று அடையாளம் காட்டுகிறது. … விற்பனையாளர் ‘உங்கள் கேபிள் சரியில்லை’ என்கிறார். மூன்று மாதச் சேமிப்பு இது.

பதில்: கேபிள் சரியில்லை என்றால் அடையாள எண் கிடைக்காமல் போகும், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். வேறொரு சில்லின் அடையாள எண் ஒவ்வொரு முறையும் பிழையின்றி வருவதற்குக் கேபிள் காரணமாக முடியாது. சில்லின் மேற்பரப்பைச் சுரண்டி வேறு பெயர் பொறிக்கலாம். ஜேடேக் என்ற சோதனை இணைப்பின் வழியாகப் படிக்கும் 32 பிட் அடையாள எண்ணைச் சுரண்ட முடியாது. அந்த எண் தெரியும் திரையையும், சில்லின் மேற்புறத்தையும், உற்பத்தியாளர் ஆவணத்தில் அந்த எண் எந்தச் சில்லுக்கு உரியது என்ற பக்கத்தையும் படமெடுத்து, எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாய்மொழியாகப் பேசவே பேசாதீர்கள். பணம் செலுத்திய வழியிலேயே புகார் செய்ய வசதி இருந்தால் கெடு முடிவதற்குள் அதையும் செய்துவிடுங்கள். தவறு உங்களுடையது இல்லை.

மற்ற வாசகர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சைக்ளோன்-4இன் சி.இ.6 மற்றும் சி.இ.10 சில்லுகள் ஒரே அடையாள எண்ணைப் பகிர்ந்துகொள்வதால், அங்கே இந்தச் சோதனை உதவாது. மேலும் ஸ்பீடு கிரேடு அடையாள எண்ணில் இருப்பதில்லை. மெதுவான சில்லை வேகமானதென்று பெயர் மாற்றி விற்றால் இவ்வழியில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் வேகம் முக்கியமென்றால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமே வாங்கச் சொல்கிறேன்.

கேள்வி: பிகோ-ஆர்.வி.32 கோரின் ஆவணத்தில் 761 லட் என்று போட்டிருக்கிறது. எனக்கு 2,000ஐ ஒட்டி வருகிறது. பொய்க் கணக்கா?

பதில்: அதே பட்டியலில் 761, 917, 2,019 என்று மூன்று வரிகள் இருக்கின்றன. நீங்கள் முதல் வரியோடு நிறுத்திவிட்டீர்கள். 761 என்பது எண்ணிகளும் பிழைக் கட்டளையைப் பிடிக்கும் வசதியும் நீக்கப்பட்ட வெறும் கோர். நீங்கள் பெருக்கல், வகுத்தல், இடையீடு (இன்டரப்ட்) எல்லாவற்றையும் சேர்த்திருப்பீர்கள். எந்த அமைப்பு, எந்தச் சில்லு, எந்தக் கருவி என்ற மூன்றும் சொல்லாமல் வரும் அளவை நான் அளவாகவே எடுத்துக்கொள்வதில்லை. சில்லு வாங்குவதற்கு முன்பே இலவசக் கருவியை நிறுவி, உங்களுக்கு வேண்டிய அமைப்பிலேயே கோரைத் தொகுத்துப் பார்க்கலாம். அதற்குப் போர்டு கையில் இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: செர்வ் 125 லட் என்றால், 20,800 லட் உள்ள சில்லில் 166 கோர்களை வைக்கலாம் அல்லவா?

பதில்: அந்தச் சில்லில் 36 கிலோபிட் பிளாக் ராம்கள் ஐம்பதுதான். 166 கோர்களின் பதிவகங்களையும் நிரல்களையும் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.