புள்ளலூர் 1780-ஐ மேசையில் தீட்டுவது: கேள்வி பதில்

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து முறியடித்தார்கள். அந்தப் போரை மேசை மேல் ஆடுவதற்காக இரண்டு தரப்பையும் 28 மி.மீ. உயர உருவங்களில் தீட்டி முடித்திருக்கிறேன். படங்களைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மழை நாளில் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். இதைப் படிக்காமலேயே கேட்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் தெரியும்.

கேள்வி: அண்ணா, இப்போதுதான் தொடங்குகிறேன். 28, 15, 6 மி.மீ. மூன்றில் எதை எடுப்பது?

எத்தனை உருவம் தீட்ட உங்களுக்குப் பொறுமை இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். குண்டூரிலிருந்து பெய்லி கொண்டுவந்த படையும், கடைசி நேரத்தில் ஃபிளெச்சர் கூட்டிவந்த உதவிப் படையும் சேர்ந்து ஏறக்குறைய 3,800 பேர். ஓர் உருவம் 20 பேருக்குச் சமம் என்றால் 190 உருவங்கள். 40 பேருக்கு ஒன்று என்றால் 95. இது தோற்ற பக்கத்துக்கு மட்டும். ஹைதரின் பக்கம் இதைப் போலப் பல மடங்கு, அதிலும் குதிரைப்படை ஏராளம். ஒரு குதிரை வீரனைத் தீட்டும் நேரத்தில் இரண்டு மூன்று காலாட்களை முடித்துவிடலாம்.

ஆகவே தனியாக இரண்டு படையையும் தீட்டப் போகிறீர்கள் என்றால் 15 மி.மீ. எடுங்கள். கடல் போலத் திரண்ட மைசூர்ப் படைக்கு நடுவே சிறு சதுரமாகக் கம்பெனிப் படை, அந்தக் காட்சிதான் வேண்டும் என்றால் 6 மி.மீ.க்கு ஈடு இல்லை. முகத்தில் மீசை வரைய ஆசை என்றால் மட்டும் 28.

மலிவாகக் கிடைக்கும் 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் உருவங்களும் நல்லவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வளையும் பிளாஸ்டிக். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவாமல் பெயின்ட் அடித்தால் துப்பாக்கி முனையிலிருந்து உரியத் தொடங்கும். கழுவினாலும் துப்பாக்கியை வளைத்து விளையாடக் கூடாது.

கேள்வி: ப்ரைமர் (பெயின்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) கறுப்பா, வெள்ளையா?

கம்பெனிப் படைக்கு இரண்டும் வேண்டாம். சிவப்பு பெயின்ட் அடித்தளத்தை மூடாது. கறுப்பின் மேல் நாலு கோட் கேட்கும், வெள்ளையின் மேல் ரோஸ் கலராக நிற்கும். சாம்பல் ப்ரைமர் அடித்து, கோட்டுக்கு முதலில் செம்பழுப்பு, அதன் மேல் சிவப்பு. மடிப்புகளில் செம்பழுப்பு தெரியும்படி விட்டுவிட்டால் நிழல் தனியாகப் போட வேண்டியதில்லை. வெளிச்சம் காட்டச் சிவப்பில் வெள்ளை கலக்காதீர்கள், ஆரஞ்சு கலக்கவும்.

மைசூர்ப் பக்கம் வெள்ளை உடை அதிகம் என்பதால் அதற்கும் சாம்பல்தான். மங்கலான தந்த நிறத்தில் தொடங்குங்கள். தூய வெள்ளையைத் தோளிலும் தலைப்பாகை உச்சியிலும் மட்டும் வையுங்கள்.

கேள்வி: காண்ட்ராஸ்ட் பெயின்ட் (பள்ளத்தில் அடர்ந்து, மேட்டில் மெலிந்து தானே நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) போட்டால் ஏமாற்று வேலையா?

இல்லை. கறுப்பு ப்ரைமர், அதன் மேல் வெளிர் சாம்பலில் ட்ரை பிரஷ் (பெயின்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தேய்ப்பது), அதற்கு மேல் காண்ட்ராஸ்ட். இருநூறு குதிரைக்கு இதை விட நல்ல வழி இல்லை. தீட்டாமல் டப்பாவில் கிடக்கும் படை யாருக்கும் பயன்படாது.

கேள்வி: சிப்பாய்களின் தோலுக்கு எந்த நிறம்? நான் பார்த்த செய்முறையில் ஒரே பழுப்புதான் சொன்னார்கள். எல்லாரும் மரப்பொம்மை மாதிரி வந்துவிட்டார்கள்.

நல்ல கேள்வி. அந்தச் செய்முறைகளை எழுதியவர்களுக்கு ‘இந்தியச் சிப்பாய்’ என்றால் ஒரு புட்டி பெயின்ட். ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் பாருங்கள், எத்தனை நிறம் என்று தெரியும். மதராஸ் பட்டாளத்தில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தார்கள். எதிரணியில் கன்னட தேசத்தவர், தக்காணத்துக் குதிரைக்காரர்கள், ஹைதரிடம் வேலை பார்த்த ஐரோப்பியர்கள்.

நான் மூன்று கலவை வைத்துக்கொள்கிறேன். அடர் பழுப்பில் துளி சிவப்பு, நடுத்தரப் பழுப்பில் துளி காவி மஞ்சள், வெளிர் பழுப்பு. ஒரு வரிசையில் அடுத்தடுத்து இரண்டு பேருக்கு ஒரே கலவை விழாமல் பார்த்துக்கொள்வேன். முக்கியமான விஷயம்: கருத்த தோலுக்கு வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். காவி மஞ்சளோ இளம் ஆரஞ்சோ கலந்தால் தோலுக்கு உயிர் வரும். மூக்கு, கன்ன எலும்பு, முழங்கால், கணுக்கால் இவற்றில் மட்டும் தொட்டால் போதும். மதராஸ் சிப்பாய் அரைக்கால் சட்டைதான் போட்டிருந்தார், கால் வெறுங்கால். பார்வையாளர் கண்ணில் முகத்தை விடக் கால்தான் அதிகம் படும்.

கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்காதீர்கள். ஒரு கை தூரத்தில் படை முழுவதும் பேயைப் பார்த்து மிரண்டது போல நிற்கும்.

அப்புறம், நுனி கூராக்க பிரஷ்ஷை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கேள்வி: கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக் போதுமா, உருவங்களுக்கென்றே வரும் வாலேஹோ பெயின்ட் வாங்க வேண்டுமா?

தரைக்கும் மரத்துக்கும் குதிரைக்கும் நம்மூர் அக்ரிலிக் தாராளமாகப் போதும். முகத்துக்கும் கோட்டுக்கும் துகள் சற்றுப் பெரிதாகத் தெரியும். சிவப்பு, தந்த நிறம், இரண்டு பழுப்பு என நாலு புட்டி மட்டும் வாலேஹோ வாங்குங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. அவனும் சேர்ந்து தீட்டலாமா?

பிளாஸ்டிக் உருவம் கொடுங்கள். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும், அவற்றை அரம் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பிரஷ்ஷை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ப்ரைமர் அடித்தேன், மணல் தூவியது போலச் சொரசொரவென்று வந்திருக்கிறது. ஏன்?

கேனை மிகத் தள்ளிப் பிடித்து வெயிலில் அடித்திருப்பீர்கள். பெயின்ட் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து துகளாகிவிட்டது. காலை 9 மணிக்கு முன், நிழலில், ஒரு சாண் தூரத்தில் அடியுங்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் ஹைதர் படைக்குப் புலிச் சட்டை போடவில்லையே? மைசூர் என்றாலே அதுதானே அடையாளம்?

அடையாளம்தான், ஆனால் எந்த ஆண்டுக்கு? மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் படையோடு சென்ற ஓவியர் ராபர்ட் ஹோம் திப்புவின் காலாட்கள் அணிந்த புலிச் சட்டை உடையை விவரித்திருக்கிறார்: ஊதா நிறக் கம்பளித் துணியில் வெள்ளைச் சாய்சதுரப் புள்ளிகள், சிவப்புத் தலைப்பாகை, அதே சிவப்பில் இடைக்கச்சை, காலில் செருப்பு மட்டும். அது 1790களின் தொடக்கம். புள்ளலூர் அதற்குப் பத்து ஆண்டு முந்தியது. படை அப்போது ஹைதருடையது. அவர் இறந்ததே 1782 டிசம்பரில்தான். ஆகவே நான் வெள்ளையும் சாயம் போடாத துணியும் கலந்து, தலைப்பாகைக்கும் கச்சைக்கும் பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்தேன். 1792 சீரங்கப்பட்டணம் ஆடினால் புலிச் சட்டை போடுங்கள், நானே கைதட்டுகிறேன்.

கேள்வி: இதை ஒப்ப மாட்டேன். சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியம் இந்தப் போரையே காட்டுகிறது. அதில் மைசூர்க் காலாட்கள் வரிசை வரிசையாகச் சீருடையில் நிற்கிறார்கள். நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

நானும் பார்த்திருக்கிறேன். சீரங்கப்பட்டணத்து மேற்குச் சுவரின் முன் நின்றால் நகர மனம் வராது. ஆனால் அந்தச் சுவரின் கதையையும் பாருங்கள். 1784 அளவில் திப்பு வரையச் செய்தது. 1799 முற்றுகைக்கு முன் வெள்ளையடிக்கப்பட்டது. பிறகு அங்கே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி காலத்தில் மீட்டு வரைந்தார்கள், 1850களில் டல்ஹௌசி உத்தரவில் இன்னொரு முறை. இன்று நீங்கள் பார்க்கும் நிறம் யாருடைய கையிலிருந்து வந்தது?

போரின் அமைப்புக்கு அந்த ஓவியத்தை நான் முழுசாக நம்புகிறேன். வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, சதுரமாக நிற்கும் சிவப்புக் கோட்டுகள், பல்லக்கில் விரலைக் கடித்தபடி பெய்லி. என் மேசையிலும் அவர் பல்லக்கில்தான் இருக்கிறார். ஒரு சட்டையின் நிறத்துக்கு மட்டும் அதைச் சாட்சி அழைக்க மாட்டேன்.

கேள்வி: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே காட்சி தாளிலும் உண்டே, 2022-இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அதில் நிறம் பார்க்கலாமே?

பார்க்கலாம், பார்த்தேன். பத்துத் தாள்களில் நீளும் அருமையான படம். ஆனால் நாம் பார்ப்பது கைபேசித் திரையில் அதன் புகைப்படத்தை. ஊதா நிறம் திரைக்குத் திரை மாறும். உங்கள் திரையில் கத்தரிக்காய், என் திரையில் நாவல்பழம்.

கேள்வி: அப்படியானால் எதற்கும் சான்று இல்லை. எந்த நிறம் அடித்தாலும் சரிதானே?

சரியில்லை. சட்டையின் நிறத்துக்குச் சான்று குறைவாக இருக்கலாம், துணிக்கும் சாயத்துக்கும் நிறையவே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அன்று மலிவாகக் கிடைத்த சாயங்கள் அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும். அவுரியில் வெளிர் நீலம் முதல் கறுப்புக்குப் பக்கத்து நீலம் வரை வரும். சாயவேரில் வருவது செங்கல்லை ஒட்டிய சிவப்பு. இவற்றோடு சாயமில்லாத பருத்தி, கொஞ்சம் மஞ்சள். இந்த எல்லைக்குள் நின்று தீட்டினால் படை ஒரே ஊரில் உடுத்திப் புறப்பட்டது போல இருக்கும். புட்டியைத் திறந்தபடியே ஃப்ளோரசன்ட் ஊதாவையும் கிளிப்பச்சையையும் அடித்தால் திருமண மண்டபத்து அலங்காரம்தான் கிடைக்கும். ஊதா கட்டாயம் வேண்டுமென்றால் அவுரி நீலத்தில் செங்கல் சிவப்பைக் கலந்து, அழுக்கான ஊதாவாக வையுங்கள். வாலேஹோவில் எந்த எண் என்று கேட்காதீர்கள், கலக்கத்தான் வேண்டும்.

கேள்வி: திப்பு சுதந்திரப் போராளியா இல்லையா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

இங்கே பெயின்ட் பற்றி மட்டும்.

கேள்வி: ஹோம் சொன்னது கம்பளி. அவுரிக் கணக்கெல்லாம் பருத்திக்குத்தான். இதற்கு என்ன பதில்?

அவுரி கம்பளியிலும் ஏறும், இன்னும் நன்றாகவே ஏறும். ஊதாவை இத்துடன் மூடுகிறேன். இதற்கு மேல் வருகிற ஊதாக் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்ததும் எல்லாச் சிப்பாயும் பனி படிந்தது போல வெளுத்துவிட்டார்கள். மழை பெய்து கொண்டிருந்தது. அதனால் இருக்குமோ?

இருக்குமோ என்ன இருக்குமோ! காற்றிலுள்ள ஈரம் வார்னிஷில் சிக்கினால் இதுதான் கதி. பயப்படாதீர்கள். காற்று உலர்ந்திருக்கும் நாளில் பிரஷ்ஷால் மெல்லிய கிளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள், பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். அது நன்றாகக் காய்ந்தபின் மறுபடி மேட், அதையும் பிரஷ்ஷால்.

கேள்வி: சென்னையில் டிசம்பரில் ஸ்ப்ரே ப்ரைமர் அடிக்கலாமா?

இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி: கம்பெனிக் கொடியை அச்சடித்து ஒட்டினேன். படம் பாருங்கள்.

கோடுகள் சரி, மூலையில் இருக்கும் யூனியன் (பிரிட்டிஷ் கொடி) தப்பு. குறுக்கே ஓடும் சிவப்பு சாய்கோடு அயர்லாந்தின் செயின்ட் பேட்ரிக் சிலுவை. அது கொடியில் ஏறியது 1801-இல். அதற்கு முன் நீலத்தின் மேல் வெள்ளைச் சாய்சிலுவையும், அதன் மேல் சிவப்பு நேர்சிலுவையும் மட்டும்தான். முகத்தில் எத்தனை கோட் கொடுத்தாலும் மேசைக்கு வருபவர் முதலில் பார்ப்பது கொடியைத்தான். கிழித்துவிட்டு மறுபடி அச்சடியுங்கள். ஒட்டியபின் தாளின் வெள்ளை ஓரத்துக்கும் பெயின்ட் தொடுங்கள்.

கேள்வி: ஹைதருடன் இருந்த பிரெஞ்சுக்காரர் லாலி, புதுச்சேரியை இழந்த அதே லாலிதானே?

இல்லை. புதுச்சேரியை இழந்த லாலியைப் பாரிஸில் 1766-இலேயே தலைவெட்டிவிட்டார்கள்.

கேள்வி: ராக்கெட் எப்படிச் செய்தீர்கள்?

அசல் ராக்கெட் சுமார் கால் மீட்டர் நீள இரும்புக் குழாய், ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட மூங்கிலில் கட்டியது. 28 மி.மீ. அளவுக்குக் குறுக்கினால் குழாய் அரை சென்டிமீட்டருக்கும் குறைவு, மூங்கில் 2 செ.மீ. சொச்சம். துடைப்பக் குச்சியில் ஒயரின் பிளாஸ்டிக் உறையை நறுக்கிச் செருகினேன். புகைக்குப் பஞ்சு. பஞ்சை அடியில் ஆரஞ்சிலும் மேலே சாம்பலிலும் தோய்த்தால் போதும். வெடிமருந்து வண்டி வெடிப்பதற்கும் இதுவேதான், பஞ்சு மட்டும் அதிகம்.

கேள்வி: அதே புள்ளலூரில் பல்லவர் காலத்திலும் போர் நடந்ததாமே? அந்தப் படையைத் தீட்ட முடியுமா?

நடந்தது. மகேந்திரவர்மன் அங்கே பகைவரை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சிற்பங்களைப் பாருங்கள், ஆயுதமும் யானையும் குதிரையும் அங்கே கிடைக்கும். நிறத்துக்கு நான் ஆள் இல்லை. என் எல்லை பதினெட்டாம் நூற்றாண்டு.

கேள்வி: பேஸுக்கு (உருவம் நிற்கும் அடித்தட்டுக்கு) செம்மண் நிறம் அடித்தால் போதுமா?

காஞ்சி வட்டாரத்துக்குச் செம்மண் வேண்டாம். பழுப்பு மண்ணும் செப்டம்பர் பச்சையும் போடுங்கள். சலித்த மணலை ஃபெவிகாலில் ஒட்டி, அடர் பழுப்பு அடித்து, மேலே வைக்கோல் நிறத்தில் ட்ரை பிரஷ். புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பச்சை ஏற்றலாம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் ஈச்சமரங்களை எடுத்து ஓரம் வையுங்கள். அந்தப் பக்கம் பனைமரம்தான். கம்பியைச் சுற்றிக் காகித மட்டை ஒட்டி ஒரு மாலையில் பத்து மரம் செய்துவிடலாம். ஏரிக்கரை ஒன்றும் வேண்டும்.

கேள்வி: எடுத்துப் போகும்போது துப்பாக்கி முனை எல்லாம் ஒடிகிறது. என்ன வழி?

பேஸ் அடியில் காந்தத் தாள் ஒட்டி இரும்பு பிஸ்கட் டப்பாவில் நிறுத்துங்கள். பஞ்சில் சுற்றாதீர்கள், நூல் துப்பாக்கி முனையில் மாட்டும்.