கொலையாளி சொல்வதை எவ்வளவு நம்பலாம்? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, தொடர் கொலையாளிகளின் வாழ்க்கை வரலாறு என்று வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை படிக்கத் தேவையில்லாதவை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும் என்பதால் மற்றவை அடுத்த முறை.

கேள்வி: நல்ல புத்தகமா இல்லையா என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. நடுவில் எங்கேயாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். 'அந்த இரவு அவனுக்குள் வெறி மூண்டது, கதவைத் தட்டும்போது கை நடுங்கியது' என்று இருந்தால், இது எழுதியவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவனே சொன்னானா? சொன்னான் என்றால் யாரிடம், பிடிபட்ட அன்றா, பத்து வருஷம் சிறையில் இருந்த பிறகா, மரண தண்டனைக்குத் தேதி குறித்த பிறகா? நல்ல எழுத்தாளர் இதைப் புத்தகத்தின் கடைசியில் கொண்டுபோய் ஒளித்து வைக்க மாட்டார், 'அவன் மனைவி சாட்சியத்தில் சொன்னபடி' என்றோ 'போலீஸ் பதிவேட்டில் இருக்கிற நேரப்படி' என்றோ வாக்கியத்துக்குள்ளேயே போகிற போக்கில் சொல்லிவிடுவார். அப்படி எதுவுமே இல்லாமல் கொலையாளியின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுதப்பட்ட புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம், இறந்தவர்களைப் பாருங்கள். அவர்கள் புத்தகத்துக்குள் வரும்போது உயிரோடு வருகிறார்களா, பிணமாகத்தான் வருகிறார்களா? 1888-ல் லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்றவன் யார் என்று நூறு வருஷத்துக்கும் மேலாகப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2019-ல் ஹாலி ரூபன்ஹோல்ட் அந்த ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதினார். ஆனி சாப்மனின் கணவர் பணக்கார வீட்டில் குதிரை வண்டி ஓட்டியவர், எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடனில் பிறந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வாழ்க்கை இருந்தது. ஐவரும் பாலியல் தொழிலாளிகள் என்று எல்லோரும் எழுதி வந்ததில், மூன்று பேர் விஷயத்தில் அதற்கு ஆதாரமே இல்லை என்பது அவருடைய வாதம். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் இத்தனை காலம் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆளில்லாமல் இருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கேள்வி: கொலையாளியை நேரில் சந்தித்துப் பேசி எழுதியதுதானே மிகவும் நம்பகமானது?

இல்லை. தன்னைப் பற்றிச் சொல்வதில் கொலையாளியைப் போல மோசமான சாட்சி வேறு யாரும் கிடையாது. பொய்யில் அவனுக்கு லாபம் இருக்கிறது. உண்மையைச் சொல்வதில்கூட லாபம் இருக்கும்போதுதான் சொல்வான்.

ஹென்றி லீ லூகாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் பிடிபட்டபின் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். பல மாநிலங்களிலிருந்து போலீசார் தங்களிடம் தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவன் தலையாட்டினான், கோப்புகள் மூடப்பட்டன. ஹ்யூ அய்ன்ஸ்வொர்த் என்ற பத்திரிகையாளர் 1985-ல் செய்த வேலை மிகவும் சாதாரணமானது. லூகாஸ் எந்தத் தேதியில் எங்கே இருந்தான் என்பதற்கு வேலை பார்த்த இடத்துப் பதிவு போன்ற காகிதங்களைத் தேடி எடுத்து, அவன் ஒப்புக்கொண்ட கொலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. டெக்ஸாஸில் எந்தக் கொலைக்காக அவனுக்கு மரண தண்டனை கொடுத்தார்களோ, அந்தச் சமயத்தில் அவன் ஃபுளோரிடாவில் வேலையில் இருந்ததாகப் பதிவு இருந்தது. 1998-ல் அந்தத் தண்டனையைக் குறைத்தார்கள். அவனும் கொலைகாரன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் பேச்சைக் கேட்டு மூடிய வழக்குகளில் உண்மையான குற்றவாளிகள் வெளியே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வீடனில் நடந்தது இன்னும் பயங்கரம். தாமஸ் குவிக் என்ற பெயரில் மனநல மருத்துவமனையில் இருந்தவர் முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒப்புக்கொண்டார், எட்டுக்குத் தண்டனையும் பெற்றார். ஹன்னஸ் ரோஸ்டம் என்ற பத்திரிகையாளர், கொலை நடந்த இடம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது போலீஸ் எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பார்த்தார். கடுமையான மருந்து மயக்கத்தில் நடக்கவே தடுமாறுகிற ஒரு மனிதர்தான் அதில் தெரிந்தார். 2008-ல் குவிக் எல்லா வாக்குமூலங்களையும் திரும்பப் பெற்றார், 2013-க்குள் எட்டுத் தண்டனைகளும் ரத்தாகிவிட்டன. நாட்டின் மிகக் கொடிய தொடர் கொலையாளி என்று எழுதப்பட்டவர் அந்தக் கொலைகளில் ஒன்றைக்கூடச் செய்ததாக நிற்கவில்லை. ரோஸ்டம் அவரிடம் பேசினார்தான், ஆனால் பேசப் போவதற்கு முன்பே காகிதங்களைப் படித்திருந்தார்.

நேரில் பழகியது வேறு விதத்தில் பயன்படலாம். ஆன் ரூல் 1970-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்கான தொலைபேசி உதவி மையத்தில், பின்னாளில் தொடர் கொலையாளி என்று தெரியவந்த டெட் பண்டியோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பெண்கள் காணாமல் போகிற வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுத ஒப்பந்தம் போட்ட பிறகுதான், சந்தேகத்துக்கு உரியவன் தன் நண்பன் என்பதே அவருக்குத் தெரிய வருகிறது. அவர் 1980-ல் எழுதிய புத்தகத்தில் நம்ப முடியாமல் தவித்ததை, பண்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை, எதையும் மறைக்கவில்லை. எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிட்டால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

கேள்வி: இவர்கள் எல்லாம் அசாத்திய மூளைக்காரர்கள் என்பதால்தானே வருஷக்கணக்கில் பிடிபடாமல் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இந்த நம்பிக்கையை ஊதிப் பெரிதாக்கியது மட்டமான புத்தகங்களும் சினிமாவும்தான்.

அமெரிக்கத் தொடர் கொலையாளி கேரி ரிட்ஜ்வே லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை பார்த்தவன், அறிவுத்திறன் சோதனையில் சராசரிக்குக் கீழே. 2003-ல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். 1980-களிலேயே போலீஸ் அவனைச் சந்தேகித்தது, பொய் கண்டறியும் சோதனையில் தேறிவிட்டான் என்று விட்டார்கள். 1987-ல் எடுத்து வைத்த எச்சில் மாதிரிதான் டி.என்.ஏ. தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு 2001-ல் அவனை மாட்டிவைத்தது.

பீட்டர் சட்கிளிஃப் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடக்கு இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றவன். அந்தக் காலத்தில் போலீசார் ஒன்பது முறை அவனிடம் விசாரித்தார்கள். ஒன்பது முறை! ஒவ்வொரு விசாரணைக்கும் கையால் எழுதிய அட்டைகள் லீட்ஸ் நகரத்து விசாரணை அறையில் மலையாகக் குவிந்து கிடந்தன. அவன் காரைச் சிவப்பு விளக்குப் பகுதிகளில் பார்த்த குறிப்பு ஓரிடத்தில், இறந்த பெண்ணின் கைப்பையில் இருந்த புதிய ஐந்து பவுண்டு நோட்டு அவன் வேலை பார்த்த நிறுவனத்துச் சம்பளத்தில் போயிருக்கலாம் என்கிற குறிப்பு இன்னோரிடத்தில். இரண்டையும் ஒரே கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. 1979 ஜூனில் 'நான்தான் கொலையாளி' என்று ஒரு ஒலிநாடா வந்தது. அதிலிருந்த குரலின் வட்டார உச்சரிப்பு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்தார்கள், சட்கிளிஃபும் தப்பினான். நாடா போலி. அதன்பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள்.

கடைசியில் 1981 ஜனவரி 2-ம் தேதி ஷெஃபீல்டில் மாட்டியது காரில் போலி நம்பர் பிளேட் இருந்ததால்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவதற்கு முன், சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சட்கிளிஃப் ஓரமாக ஒதுங்கினான். ராபர்ட் ரிங் என்ற சார்ஜென்ட்டுக்கு மறுநாள் அது ஞாபகம் வந்து, திரும்பப் போய் அந்த இடத்தில் தேடினார். சுத்தியலும் கத்தியும் கிடைத்தன.

இதில் மேதாவித்தனம் எங்கே இருக்கிறது? நல்ல வாழ்க்கை வரலாறு அவன் எப்படித் தப்பினான் என்பதைவிட ஏன் விடப்பட்டான் என்பதைத்தான் தோண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞரே நீதிமன்றத்தில், இறந்தவர்களில் சிலர் பாலியல் தொழிலாளிகள், ஆனால் வழக்கின் மிகச் சோகமான பகுதி சிலர் அப்படி இல்லை என்பதுதான் என்ற பொருளில் பேசினார். யார் செத்தால் அவசரம், யார் செத்தால் அவசரமில்லை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை அந்த ஒரு பேச்சே காட்டிவிடுகிறது.

கேள்வி: குழந்தைப் பருவத்தை விலாவாரியாக எழுதுவது அவசியமா?

எழுதலாம், காரணமாக்கக் கூடாது. படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தீ வைப்பது, பிராணிகளை வதைப்பது என்று 1963-ல் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் சொன்ன மூன்று அறிகுறிகளை இன்னும் பல புத்தகங்கள் வேதவாக்கு மாதிரி ஒப்பிக்கின்றன. பின்னால் வந்த ஆய்வுகள் அதற்குப் பெரிதாக ஆதரவு தரவில்லை. அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே யாரையும் கொல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அதை ஒரு இடத்திலாவது சொல்லாத புத்தகத்தின் மீது எனக்கு மரியாதை வருவதில்லை.

கேள்வி: கொடூரக் காட்சிகள் எவ்வளவு இருக்கலாம்?

வழக்கைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவு, அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். அமெரிக்கத் தொடர் கொலையாளி ஜெஃப்ரி டாமர் வழக்கில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவன் வீட்டுக்குள் கிடைத்தவை அல்ல. 1991 மே மாதம் 14 வயதுப் பையன் ஒருவன் அவன் பிடியிலிருந்து தப்பித் தெருவுக்கு ஓடி வருகிறான். அங்கிருந்த கறுப்பினப் பெண்கள் போலீசிடம் மன்றாடுகிறார்கள். போலீசோ டாமர் சொன்னதை நம்பி, பையனை அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறது. பக்கத்தில் குடியிருந்த க்ளெண்டா கிளீவ்லண்ட் போனில் கூப்பிட்டு, அது சின்னப் பையன்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது, படித்துப் பாருங்கள். பையன் அன்றே கொல்லப்பட்டான், அதற்குப் பிறகு இன்னும் நான்கு பேர். ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் எழுதக்கூடிய காட்சி இது.

கேள்வி: உரையாடல்களைக் கற்பனையாகச் சேர்ப்பது தவறா? சுவாரசியத்துக்காகத்தானே?

தவறுதான். ட்ரூமன் கபோட்டி, 1959-ல் கன்சாஸில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டதைப் பற்றிப் புத்தகம் எழுதி, அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் துப்பறியும் அதிகாரியும் இறந்த பெண்ணின் தோழியும் சந்திக்கிற கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. அவ்வளவு பெரிய எழுத்தாளர் செய்தாலும், அது தெரிந்த பிறகு மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் புரட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: கொலையாளி தன் கதையை விற்றுச் சம்பாதிப்பதைச் சட்டம் தடுக்காதா? அவன் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் எழுதலாமா?

நியூயார்க்கில் 1977-ல், டேவிட் பெர்கோவிட்ஸ் என்ற தொடர் கொலையாளியின் வழக்குக்குப் பிறகு, குற்றவாளிக்குக் கதையிலிருந்து வரும் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பிவிட ஒரு சட்டம் போட்டார்கள். பேச்சுரிமைக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் அதை ரத்து செய்தது. பிறகு திருத்திய சட்டங்கள் வந்தன.

இரண்டாவது கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் பதில் சொன்னதே ஆட்டோ சங்கர் விவகாரத்தில்தான். அவர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு: நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை யார் அனுமதியும் இல்லாமல் எழுதலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பின்விளைவு எழுதியவர் பொறுப்பு, தங்களுக்கு அவதூறு வரும் என்று அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது. இதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும், அதை வெளியிட்டு அவரை மேலும் அவமானப்படுத்தக் கூடாது. எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டும்.

கேள்வி: நானே ஒரு வழக்கைப் பற்றி எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் குறுக்கு விசாரணை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஒரு பெரிய தாளில் தேதி வாரியாக அவன் எங்கே இருந்தான், அது உங்களுக்கு எந்தக் காகிதத்தில் கிடைத்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள், இரண்டு காகிதம் முரண்பட்டால் இரண்டையும் வையுங்கள். முன்மாதிரி வேண்டுமென்றால் தன் நோயாளிகளையே கொன்ற இங்கிலாந்து டாக்டர் ஹரால்ட் ஷிப்மனைப் பற்றிய விசாரணை ஆணையத்தின் அறிக்கையைப் படியுங்கள். நீதிமன்றம் 15 கொலைகளுக்குத் தண்டித்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித்தின் ஆணையமோ அவரிடம் சிகிச்சை பெற்று இறந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து ஆராய்ந்து, 2002-ல் 215 பேர் என்ற முடிவுக்கு வந்தது. நோயாளி இறந்த பிறகு ஷிப்மன் கம்ப்யூட்டரில் பழைய தேதி போட்டு இல்லாத நோயை எழுதி வைத்தார், ஆனால் உண்மையில் எப்போது தட்டச்சு செய்தார் என்பதை அந்தக் கம்ப்யூட்டர் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் கடைசியாகப் போங்கள், அதுவும் காகிதங்களை எல்லாம் படித்து முடித்த பிறகு. அவர்கள் ஏற்கெனவே போலீசிடமும் கோர்ட்டிலும் சொன்னதை மறுபடி உங்களுக்காகச் சொல்ல வைக்காதீர்கள். அந்தப் பெண் என்ன வேலை பார்த்தாள், எதற்குச் சிரிப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்று கேளுங்கள். முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் போடாதீர்கள்.