பெரம்பூர் ஆன்ட்டிகிட்ட கேளுங்க: வீடு, வேலை, விசுவாசம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெரம்பூர்ல 26 வருஷமா பெண்கள் ஐக்கிய சங்கத்துல பைபிள் ஸ்டடி எடுக்கறேன், ரிட்டயர்ட் கணக்கு டீச்சர். கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். டைப்பிங் ஸ்லோ, கோச்சுக்காதீங்க.

குரோம்பேட்டை: 5 மணிக்கு எந்திரிச்சு சமைச்சு மூணு டிபன் பாக்ஸ் கட்டி லோக்கல் ட்ரெயின புடிக்கவே சரியா இருக்கு ஆன்ட்டி. ஜெபிக்க டைமே இல்ல, மனசு உறுத்துது.

அந்த ட்ரெயின்லயே வாசிம்மா. பைபிள்ல சங்கீதம் 120-லேர்ந்து 134 வரைக்கும் 15 இருக்கு, மேல ஆரோகண சங்கீதம்னு போட்டிருக்கும், எருசலேமுக்கு பண்டிகைக்கு ஏறிப் போறவங்க வழியில பாடினதுன்னு சொல்வாங்க, பிரயாணத்துக்குன்னே உள்ள பாட்டு பாத்துக்கோ. 132 மட்டும்தான் 18 வசனம், மத்தது எதுவும் 9-ஐ தாண்டாது. குரோம்பேட்டைல ஏறினா திரிசூலம் வர்றதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சிடும். அப்புறம் லேடீஸ் கோச்ல பக்கத்துல தூங்கி விழற பொண்ணுக்கு தோள் குடுக்கறியே, அதையும் கணக்குல சேத்துக்கோ.

வேளச்சேரி: நீதிமொழிகள் 31-ல வர்ற குணசாலியான ஸ்திரீ மாதிரி இருக்கணும்னு மாமியார் டெய்லி சொல்றாங்க...

15-ஆம் வசனத்த அவங்களையே சத்தமா வாசிக்க சொல்லும்மா. இருட்டோட எந்திரிக்கறான்னு வர்ற அதே வசனத்துல வேலைக்காரிகளுக்கு படியளக்கறான்னும் வருது. வேலைக்காரி*கள்*, ஒருத்தி இல்ல! அடுத்த வசனத்துல அவளே வயலை விசாரிச்சு வாங்கறா, பத்திரத்துல உன் பேர் போட மாமியார் ரெடியா? 10-லேர்ந்து 31 வரைக்கும் 22 வசனம், எபிரெயுல ஒவ்வொண்ணும் அடுத்தடுத்த எழுத்துல ஆரம்பிக்கும், நம்ம ஆத்திசூடி மாதிரி. அது மெச்சி பாடின பாட்டு, டைம்டேபிள் இல்ல. ஒத்த வசனத்த பிச்சு எடுக்காதீங்க, அதிகாரம் முழுசா வாசிங்க, எத்தனை தடவ சொல்றது.

அம்பத்தூர்: காலைல எத்தனை மணிக்கு ஜெபிக்கணும்?

முழிப்பா இருக்கற நேரத்துல.

ஓஎம்ஆர்: ஆபீஸ் ஆயுத பூஜை பொரி சாப்பிடலாமா?

படைச்சத சாப்பிடறத பத்தி 1 கொரிந்தியர் 8, 10 ரெண்டு அதிகாரத்துலயும் இருக்கு, சேத்து வாசிச்சிட்டு உங்க ஆயர்கிட்ட பேசுங்க.

பேர் வேண்டாம்: வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கறார். கீழ்ப்படிஞ்சு போ, ஜெபம் பண்ணுன்னு சபைல சொல்றாங்க.

மத்த கேள்வியெல்லாம் நிக்கட்டும். மனைவி புருஷனுக்கு கீழ்ப்படியணும்ங்கற எபேசியர் 5:22-ஐ காட்டியிருப்பாங்க. 21-ல ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியணும்னு இருக்கு, 28-ல புருஷன் மனைவிய தன் சொந்த சரீரம் மாதிரி நேசிக்கணும்னு இருக்கு, தன் உடம்ப எவனாவது அடிச்சுக்குவானா? ஜெபம் பண்ணும்மா, வேணாங்கல, ஆனா போனை கைல எடு. 181 பெண்கள் உதவி எண், ராத்திரியும் எடுப்பாங்க. 2005 குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல அதே வீட்டுல பாதுகாப்பா இருக்கவே ஆர்டர் வாங்கலாம். ஆதார், பாஸ்புக், பசங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நம்பிக்கையானவங்க வீட்டுல வை. எனக்கு தனியா மெசேஜ் போடு.

கொளத்தூர்: விடியற்காலை 4 மணி ஜெபத்துக்கு தனி பவர் உண்டா?

அம்பத்தூருக்கு சொன்னதுதான்.

ஆவடி: இங்க பாதி பேர் நகை போட்டிருக்கீங்க, நகை அலங்காரம் வேண்டாங்கற 1 பேதுரு 3:3 தெரியாதா?

தெரியும். அதே வசனத்துல மயிரை பின்னறதும் வருது சிஸ்டர், சபைக்கு பின்னல் போடாமலா வர்றீங்க? ஆதியாகமம் 24-ல ஆபிரகாமோட ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு போட்ட கடகம் ரெண்டும் 10 சேக்கல், சேக்கல் சுமார் 11 கிராம், கிட்டத்தட்ட 14 சவரன். காதணி தனி.

ஆவடி: மோசேயோட அண்ணன் ஆரோன் ஜனங்க கம்மலை வாங்கித்தானே கும்பிட பொன் கன்னுக்குட்டி செஞ்சான்?

ஆமா, யாத்திராகமம் 32. 35-க்கு வாங்க, அதே ஜனங்க ஆண்டவரை தொழற ஆசரிப்புக்கூடாரத்துக்கும் நகைய கழட்டி குடுத்தாங்க.

சாந்தோம்: நாங்க கத்தோலிக்கர், பூவும் வெச்சு பொட்டும் வெச்சுதான் பூசைக்கு போறோம், அப்போ நாங்க விசுவாசிங்க இல்லையா?

ஆவடி: நான் அப்படி சொல்லல, ஆனா...

ஆனா-வோட நிறுத்திக்கோங்க. ஆவடி சிஸ்டர், நீங்க நகைய கழட்டினது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல, நான் மதிக்கறேன். எங்கம்மா கழட்டின ரெண்டு வளையல்லதான் நான் டீச்சர் ட்ரெய்னிங் படிச்சேன். ஆனா பக்கத்து பெஞ்சுல உக்காந்தவ காதுல கம்மலை எண்றதுக்கு எந்த வசனமும் இல்ல. சாந்தோம், நீங்களும் அடுத்த கேள்விக்கு வழி விடுங்க.

அண்ணா நகர்: சபைல எடுத்த வாக்குத்தத்த வசன கார்டுல, நீங்க எதிர்பாக்கற முடிவ தருவேன்னு சொல்ற எரேமியா 29:11 வந்துச்சு, வேலை கிடைச்சிடுமா?

அதிகாரம் முழுசா!! முந்தின வசனத்துலயே பாபிலோன்ல 70 வருஷம்னு இருக்கு. 5-ஆம் வசனம் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லுது. ரெஸ்யூமை அனுப்பும்மா.

வில்லிவாக்கம்: ஆன்ட்டி எத்தனை மணிக்கு...

மேல பாருங்க.

வியாசர்பாடி: நான் வீட்டுல மாவு அரைச்சு விக்கறேன். ஊழியம்னு பெருசா ஒண்ணும் பண்ணல.

இரத்தாம்பரம்ங்கற விலை ஒசந்த துணி வித்த லீதியாள் பிலிப்பி ஊர்ல தன் வீட்டையே அப்போஸ்தலன் பவுலுக்கு திறந்து விட்டா, அப்போஸ்தலர் 16, அவளும் வியாபாரிதான். உன் தராசுல கிலோன்னா கிலோ நிக்கட்டும், கவர் வெயிட்ட சேக்காத. நேத்து மீந்து புளிச்ச மாவை இன்னிக்கு பாக்கெட்டுல கலக்காத, பணியாரத்துக்குன்னு சொல்லி விலை கம்மியா தனியா குடு. எனக்கு சனிக்கிழமை 2 கிலோ எடுத்து வை.