ட்ராக் வேறு, சேனல் வேறு: மிடி கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் கச்சேரிக்கு வாசிப்பவர்களும், வீட்டில் கம்ப்யூட்டரில் இசை அமைப்பவர்களும் கேட்டவை இவை. மிடி என்பது கீபோர்டும் கம்ப்யூட்டரும் வாசிப்பின் குறிப்பைச் செய்தியாக அனுப்பிக்கொள்ளும் முறை. அந்தச் செய்தியை வாங்கி ஒலியாக்கும் மென்பொருள்தான் சாஃப்ட்வேர் சிந்த். அதில் சத்தம் வராததற்கும் தப்பாக வருவதற்கும் பெரும்பாலும் வழி பிசகியதுதான் காரணம். அதனால் செய்தி எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதையே எல்லாப் பதிலிலும் பிடித்துக்கொண்டு போகிறேன்.

தேவகோட்டை, கீபோர்டு வாசிப்பவர்: அண்ணே, ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு சிந்த் போட்டு, அதுக்குள்ள பியானோ, ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், பேஸ்னு நாலு வாத்தியம் ஏத்தியிருக்கேன். மிடி ட்ராக்கும் நாலு இருக்கு. எந்த ட்ராக்குல வாசிச்சாலும் நாலும் சேர்ந்து பேசுது. ஏன்?

தம்பி, ட்ராக் என்பது ரீப்பர் உங்கள் வசதிக்காக வைத்திருப்பது. அப்படி ஒன்று இருப்பதே சிந்துக்குத் தெரியாது. அதற்குப் போய்ச் சேர்வது செய்திகள் மட்டும்தான்: இந்தச் சுரத்தைத் தொடங்கு, இவ்வளவு அழுத்தத்தில், இந்தச் சேனலில். சேனல் எண் ஒவ்வொரு சுரச் செய்தியின் முதல் பைட்டிலேயே இருக்கிறது. அதற்கு 4 பிட் ஒதுக்கியிருப்பதால் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு மிடி இணைப்புக்கு, 16 சேனல். 1983-ல் மிடி வந்த நாளிலிருந்து இதே கணக்குதான்.

நம்ம ஊர் வீட்டை வைத்துச் சொல்கிறேன். போர்ட் என்பது வீடு. சேனல் என்பது வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (வீட்டில் உள்ள ஒவ்வொரு தனிக் குடும்பத்துக்கும்) இருக்கிற அறை. கடிதம் சரியான வீட்டுக்கு வந்துவிட்டாலும், எந்தப் புள்ளிக்கு என்று மேலே எழுதியிருந்தால்தான் உரிய அறைக்குப் போகும். ஆம்னி என்ற அமைப்பு இருக்கிறதே, அதில் எல்லா அறைக்காரரும் எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படிப்பார்கள். உங்கள் நாலு வாத்தியமும் இப்போது ஆம்னியில் இருக்கின்றன, அல்லது நாலும் ஒரே சேனலைக் கேட்கின்றன.

முதலில் சிந்துக்குள் போய் பியானோவுக்கு 1, ஸ்ட்ரிங்ஸுக்கு 2, புல்லாங்குழலுக்கு 3, பேஸுக்கு 4 என்று கேட்கும் சேனலைப் பிரித்து வையுங்கள். அடுத்து ரீப்பரில் ஒவ்வொரு மிடி ட்ராக்கிலிருந்தும் சிந்த் இருக்கும் ட்ராக்குக்கு ஒரு செண்ட் (ஒரு ட்ராக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) போடுங்கள். அந்தச் செண்டில் ஆடியோவை நிறுத்திவிட்டு, மிடியை மட்டும் உரிய சேனலுக்கு அனுப்புங்கள். நாலையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றி, வாசித்துக் கேட்டு, சரியாக வந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். கீபோர்டிலிருந்து எப்போதும் சேனல் 1-ல்தான் வரும் என்றால் கவலை வேண்டாம், செண்டிலேயே அது மாறிவிடும்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: சார், ஒரு கட்டையை அழுத்தினா ரெண்டு சத்தம் வருது. ஒண்ணு கீபோர்டோட சத்தம், இன்னொண்ணு கம்ப்யூட்டர்ல உள்ள சிந்த்.

உங்கள் கீபோர்டுக்குள்ளேயே ஒலி இருப்பதால் அது தன்னையும் வாசித்துக்கொள்கிறது, கம்ப்யூட்டருக்கும் அனுப்புகிறது. கீபோர்டின் மெனுவில் லோக்கல் கண்ட்ரோலை (கட்டைக்கும் கீபோர்டின் சொந்த ஒலிக்கும் உள்ள இணைப்பை) ஆஃப் செய்யுங்கள். மெனுவில் அது இல்லையென்றால், கண்ட்ரோலர் (அமைப்பை மாற்றும் மிடி செய்தி) எண் 122-க்கு 0 என்ற மதிப்பை அனுப்பினாலும் பல கீபோர்டுகள் ஏற்கும். தனியாக வாசிக்கும்போது மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள்.

குன்றக்குடி, நாதஸ்வரக் குடும்பத்து இளைஞர்: ஐயா, நாயனம் மாதிரி கமகம் வரணும்னு பிட்ச் வீல்ல (சுரத்தை வளைக்கிற சக்கரத்துல) வாசிக்கிறேன். ரெண்டு பிரச்சினை. வீலை முழுசாத் தள்ளினாலும் ரெண்டு அரைச்சுரம்தான் ஏறுது. அதோட, கீழே பிடிச்சிருக்கிற சுருதியும் கூடவே வளையுது.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. நம் இசைக்கு மிடியில் மிக முக்கியமான இடம் இதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் இதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

வீல் அனுப்பும் பிட்ச் பெண்ட் தனிச்சுரத்துக்கான செய்தி அல்ல, முழுச் சேனலுக்குமான செய்தி. அந்தச் சேனலில் ஒலித்துக்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்தே வளையும். ஆகவே சுருதியை வேறு சேனலில், தனி வாத்தியமாக வையுங்கள். நாயனத்தின் சேனலில் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் ஒலிக்க வேண்டும், சிந்தில் மோனோ என்று வைத்துவிடுங்கள்.

வீலின் எல்லை வழக்கமாக மேலே 2, கீழே 2 அரைச்சுரம். சிந்திலேயே அதை 12 ஆக்கலாம். இல்லையென்றால் அதே சேனலில் கண்ட்ரோலர் 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-க்கு 12 என்று வரிசையாக அனுப்புங்கள். பிட்ச் பெண்ட் 14 பிட் என்பதால் மொத்தம் 16,384 படி, நடுப்புள்ளி 8192. எல்லை 12 ஆனாலும் ஓர் அரைச்சுரத்துக்கு 680 படிக்கு மேல் கிடைக்கிறது, நுணுக்கமான அசைவுக்கு இது தாராளம். ஆனால் எல்லை பெரிதானதும் வீலைக் கொஞ்சம் தொட்டாலே சுரம் எகிறும். தோடி காந்தாரத்தை அதில் நிறுத்தி அசைக்கக் கை பழகியாக வேண்டும். உங்களுக்கு வீட்டிலேயே கேட்டு வளர்ந்த காது இருக்கிறது, அதை நம்பி மெதுவாகப் பழகுங்கள்.

இரண்டு சுரத்தைத் தனித்தனியாக வளைக்க வேண்டுமென்றால் எம்பிஇ என்ற முறை இருக்கிறது. 2018-ல் அது தரமாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சேனல் கொடுத்துவிடுவதுதான் அதன் வழி. கீபோர்டு, சிந்த் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

கண்டனூர், ஓர் ஆச்சி: தம்பி, வீட்டில் பழைய கீபோர்டு கிடக்கு. பின்னாடி வட்டமா அஞ்சு துளை இருக்கு. பேரன் லேப்டாப்பில் மாட்டணும்ங்கிறான். என்ன வாங்கணும்?

ஆச்சி, யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கீபோர்டில் அவுட் என்று போட்டிருக்கும் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் இன்னுக்கு வயர் போக வேண்டும். வேலை செய்யவில்லையென்றால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம், ஒன்றும் கெடாது. அந்த வயரில் சத்தம் வராது, வாசிப்பின் குறிப்பு மட்டும்தான் வரும். சத்தம் லேப்டாப்பில் இருந்து வரும் என்று பேரனிடம் சொல்லிவையுங்கள். பழைய கீபோர்டு என்று தள்ளிவிட வேண்டாம், கட்டைகள் நன்றாக இருந்தால் அது நல்ல பொருள்.

பொன்னமராவதி, மெல்லிசைக் குழு: ஒரு மிடி ஃபைலைத் திறந்தா, பாட்டோட மெட்டு முழுக்க டிரம்ஸ் சத்தத்துல கேக்குது.

மெட்டு சேனல் 10-ல் இருக்கிறது. 1991-ல் வந்த ஜெனரல் மிடி வரையறைப்படி 10 தாளத்துக்கு உரியது. அங்கே சுர எண் 36 என்றால் பேஸ் டிரம், 38 என்றால் ஸ்நேர், 42 என்றால் மூடிய ஹை-ஹாட். அந்தச் சுரங்களை வேறு சேனலுக்கு மாற்றினால் போதும். ஒரு சங்கதி: சில மென்பொருள்கள் 1-க்குப் பதில் 0-விலிருந்து எண்ணும், அவற்றில் இதே சேனல் 9 என்று காட்டும்.

புதுவயல், கீபோர்டு வகுப்பு நடத்துபவர்: கையை எடுத்த பிறகும் சுரம் நிக்காம இழுக்குது.

கட்டையை அழுத்தியிருக்கும்போதே யாரோ சேனலை மாற்றியிருக்கிறார்கள். தொடங்கு என்ற செய்தி 1-ல் போனது, நிறுத்து என்ற செய்தி 2-ல் போனது. 1-ல் உள்ள வாத்தியம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்தபடி மாற்றினாலும் இதே கதைதான். அப்போதைக்கு எல்லாச் சுரத்தையும் ஒரேயடியாக நிறுத்தும் பேனிக் பொத்தானை மென்பொருளில் அழுத்துங்கள். பிள்ளைகளிடம் கையையும் காலையும் எடுத்துவிட்டுத்தான் சேனலை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

காரைக்குடி, வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர்: சேனலைப் பிரிச்சாச்சு. ஆனா புல்லாங்குழலுக்கு மட்டும் ரிவர்ப் (பெரிய கூடத்துல வாசிச்ச மாதிரி முழக்கம்) போட்டா பேஸுக்கும் சேர்ந்து விழுது.

மிடி சேனல் சிந்துக்குள் நுழையும் வழி. ரிவர்ப் விழுவது வெளியே வரும் ஆடியோவின் மேல். அந்த வழி இன்னும் பிரியவில்லை. சிந்துக்குள் புல்லாங்குழலின் ஆடியோ அவுட்டை 3-4 என்று மாற்றி, அந்த ஜோடியை ரீப்பரில் தனி ட்ராக்குக்குக் கொண்டுவந்து, அங்கே ரிவர்ப் போடுங்கள். நாலைந்து வாத்தியம் மட்டும்தான் என்றால் நான் இத்தனை சிரமப்பட மாட்டேன். ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாக ஒரு சிந்த் திறந்து எல்லாவற்றையும் சேனல் 1-லேயே வைத்துவிடுவேன். இன்றைய கம்ப்யூட்டர் தாங்கும்.