கொரிய நாடகத்தில் ஒட்டும் பிளாஸ்திரி நம் வீட்டுப் புண்ணுக்குச் சரிப்படுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் கொரிய நாடகங்களை விடாமல் பார்க்கிறாள். முழங்கால் சிராய்த்தால் மஞ்சள் வைக்க விடுவதில்லை. களிம்பு தடவி பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறாள். "மூடினால் சீழ் பிடிக்கும், காற்றாட விடு" என்கிறார் என் மாமியார். நாடகத்தில் வருவதுபோல் கன்றிய இடத்தில் முட்டையை உருட்டலாமா, அஜீரணத்துக்குக் கட்டைவிரலில் ஊசி குத்தலாமா என்றும் மகள் கேட்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மூடுவதில் மகள் பக்கம்தான் நியாயம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் இதைச் சோதித்தார். ஈரம் காயாமல் மூடிய மேலோட்டமான புண்ணில், திறந்து விட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் புதுத் தோல் படர்ந்தது. பொருக்கு கட்டிவிட்டால் புதுத் தோல் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டும். ஈரப் பரப்பில் அந்தச் சிரமம் இல்லை.

கொரியர்கள் அதிகம் பயன்படுத்தும் ஹைட்ரோகொல்லாய்டு பிளாஸ்திரி இதைத்தான் செய்கிறது. பரு மேல் ஒட்டும் சின்ன வட்டங்களும் அதே பொருள்தான். கசிவை உறிஞ்சி வெள்ளையாக உப்பும். சீழ் என்று பயந்து பிய்க்க வேண்டாம். ஓரம் பிரியாத வரை இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்கலாம். ஆனால் சுற்றிலும் சிவந்து சூடாகி, வலி கூடினால் எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நாய் கடித்த புண்ணுக்கும், ஏற்கெனவே சீழ் வைத்த புண்ணுக்கும் இது ஆகாது.

நாயகன் மருந்துக் கடைக்கு ஓடிப்போய்ப் பையோடு வந்து, களிம்பு தடவி, வாயால் ஊதுகிறானே, காதலுக்கு முழு மதிப்பெண் போடலாம். மருத்துவத்துக்குப் பாதிதான். முதலில் ஓடும் குழாய் நீரில் மண்ணும் தூசும் போகும்வரை கழுவ வேண்டும். அதைத் திரையில் காட்டுவது அபூர்வம். ஊதினால் வாயிலுள்ள கிருமி புண்ணுக்குப் போகும். (நம் வீட்டு அம்மாக்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.) டெட்டாலைக் கலக்காமல் ஊற்றுவதும் வேண்டாம், புதுத் தோலைப் புண்ணாக்கும்.

களிம்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை. கொரிய வீடுகளில் பிரபலமான மடெகாசோல் களிம்பின் அடிப்படை நம்ம வல்லாரை! நாம் ஞாபகசக்திக்குச் சாப்பிடுவதை அவர்கள் காயத்தில் பூசுகிறார்கள். இன்னொன்றான ஃபுசிடின், ஆன்டிபயாடிக். சுத்தமான சிராய்ப்புக்கு அது ஒவ்வொரு முறையும் தேவையில்லை. கழுவிவிட்டு மெல்லிசாக வாசலின் தடவி மூடினால் போதும். மஞ்சளில் கிருமியை எதிர்க்கும் குணம் உண்டுதான். ஆனால் சமையலறைத் தூள் கிருமி நீக்கியதல்ல, புண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

அப்புறம் முட்டை. அடிபட்ட முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான் தேவை. துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். சூடான அவித்த முட்டையை அப்போதே அழுத்தி உருட்டினால் வீக்கம் கூடும். முட்டையைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஊசி குத்துவது கூடவே கூடாது. குத்துமுன் விரலை நூலால் இறுக்கிக் கட்டினால் யாருக்கும் ரத்தம் தேங்கிக் கறுத்துத்தான் வரும். அதைப் பார்த்து அஜீரணம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், வயிற்றிலிருந்து எதுவும் இறங்கிவிடவில்லை. கிருமி தொற்றும் என்பது ஒருபுறம். உங்கள் மாமியார் வயதில் மேல்வயிற்றில் அடைப்பதுபோல் இருந்து வியர்த்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். ஊசியைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

நம்மூரில் ஒவ்வொரு கீறலுக்கும் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போடும் பழக்கமும் தேவையற்றது. சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டிருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் மறுபடி போட்டால் போதும். மண், சாணம், துரு பட்ட காயமென்றால் 5 வருடக் கணக்கு. மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.