பாப்பாவின் லோடு நோட்டும் எட்டு லட்சமும்

எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேட்டு, போன வாரம் நாமக்கல்லில் இருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண், கூடவே யாரும் கூப்பிடாமல் ஒரு தாய்மாமா. மூன்று லாரி, ஒரு புக்கிங் ஆபீஸ். பெண்ணின் கட் ஆஃப் 200-க்கு 188. நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்று அவர்களாகவே முடிவு கட்டி, ஒரு தனியார் கல்லூரியில் 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். வருடக் கட்டணம் போக எட்டு லட்சம் நன்கொடை, ரொக்கமாகக் கையில். அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம்.

பயப்படாதீர்கள் என்று இரண்டு நிமிடம் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வராது.

அப்பாவுக்கு நேராகவே சொல்கிறேன். அந்த எட்டு லட்சத்துக்கு ரசீது கொடுப்பார்களா? மாட்டார்கள். சீட்டுக்காக நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கல்விக் கடன் தராது, ஆக நீங்கள் போகப் போவது வட்டிக்காரரிடம். ஒரு லாரியை வித்துடலாம் மாப்பிள்ளை என்றார் மாமா. லாரி அவருடையது இல்லை.

"இனிமே எல்லாமே ஏஐதான் சார்" என்றும் அவரே சொன்னார். சரி, இருக்கட்டும். அதற்காகப் பட்டத்தின் பெயரிலும் அந்த இரண்டு எழுத்து இருந்தே ஆக வேண்டுமா?

பாப்பாவிடம் கேட்டேன், சாயங்காலம் என்ன செய்வாய் என்று. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். பத்தாம் வகுப்பிலிருந்தே ஆபீஸில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே போகணும், கேரளாவுக்கு முட்டை இறக்கிவிட்டு எந்த ரிட்டர்ன் லோடு பிடிக்கணும் என்று எழுதுகிறாளாம். இப்போது பிளான் போட்டுத் தர ஓர் ஆப் வைத்திருக்கிறார்கள். "அது போடுறது நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா ஆயுத பூஜை அன்னிக்கு எந்த டிரைவரும் வண்டி எடுக்க மாட்டாருன்னு அதுக்குத் தெரியாது. நான் அதை மட்டும் மாத்திட்டு மறுபடி போடச் சொல்வேன்."

இவள் சாதாரணமாகச் சொன்ன இந்த வேலை உலகத்தில் பெரிய வேலை. 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ரோவர் வண்டிகள் செவ்வாயில் இறங்கின. எந்தக் கருவி எப்போது ஓடணும் என்று தினமும் பிளான் போட வேண்டும், விஞ்ஞானிகள் கேட்பதெல்லாம் ஒரு நாளுக்குள் அடங்காது, பேட்டரியும் தாங்காது. அதற்கு மேப்ஜென் என்று ஒரு ஏஐ மென்பொருள் செய்தார்கள். முழுத் திட்டத்தையும் அதுவே போட்டுவிடும். ஆனால் மொத்தமாகக் கொட்டினால் எது ஏன் அங்கே வந்தது என்று பிளான் போடுகிறவர்களுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடுக்க வைத்தார்கள். ஒரு வேலையைக் கையால் இழுத்து நகர்த்தினால், விதி உடையாமல் மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். பாப்பா செய்வதும் இதே ரகம்தான், ஆயுத பூஜை மட்டும் அங்கே கிடையாது.

இதற்கு அடிப்படையான படிப்பு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் பி.இ.யாகவே இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகக் கட்டணத்தில். கவுன்சலிங்கில் பாதிப் பேர் பெயரைப் பார்த்துவிட்டு, ஏதோ ஃபேக்டரி சமாசாரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே இருப்பது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (இருப்பதை வைத்துச் சிறந்த முடிவு எடுக்கிற கணக்கு), புள்ளியியல், எது எப்போது என்று அடுக்குகிற ஷெட்யூலிங், கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற சிமுலேஷன், சரக்கு இருப்புக் கணக்கு, அப்புறம் வேலையை மனிதனுக்கு ஏற்றபடி அமைக்கிற எர்கனாமிக்ஸ். ஒரு வண்டி பத்து இடத்தில் இறக்கணும் என்றால் வரிசையை 36,28,800 விதமாகப் போடலாம். அத்தனையையும் மனிதன் பார்க்க முடியாது, கம்ப்யூட்டர் சலித்துத் தரும். எந்த விதியை எப்போது தளர்த்தலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அதற்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் டிரைவரை ஓட்டவிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இதை யாராவது எழுதி வைக்காவிட்டால் மென்பொருள் அவரை விடிய விடிய ஓட்டும். விமானப் பணியாளர் ரோஸ்டர், துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்குவது, திருப்பூர் தையல் லைன், ஆபரேஷன் தியேட்டர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இந்த ஆள் தேவை.

கோடிங்கிலிருந்து தப்பிக்கும் வழி என்று நினைக்க வேண்டாம். பைத்தான் கற்றே ஆக வேண்டும், கணக்கு பிடிக்காவிட்டால் இந்தப் பக்கமே வரக் கூடாது. அதைச் சோதிக்க ஒரு பைசா ஆகாது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஜி. ஸ்ரீனிவாசன் எடுத்த ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்புகள், ஐஐடிகளின் இணைய வகுப்புத் தளமான என்பிடெல்லில் இலவசமாகக் கிடக்கின்றன. நான்கு வகுப்பு பார்க்கட்டும். இப்படிப் பிளான் போடுகிற கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருளும் இலவசம், மூன்று லாரிக்கு அவளே ஒரு பிளான் போட்டு ஆப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கிளம்பும்போது மாமா கேட்டார், இந்தப் படிப்புப் பேரைச் சொன்னா கல்யாண வீட்டில யாருக்குத் தெரியும் என்று. கல்யாண வீட்டுக்காரர்கள் ஃபீஸ் கட்டுகிறார்களா என்று கேட்டேன், கொஞ்சம் காட்டமாகத்தான். கிண்டி கிடைக்காமலும் போகலாம். உங்கள் வகுப்புப் பிரிவுக்குப் போன வருடம் எந்தக் கட் ஆஃபோடு முடிந்தது என்று கவுன்சலிங் இணையதளத்தில் பார்த்துவிட்டு, அடுத்த வரிசையில் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங், அப்புறம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் என்று வையுங்கள். எட்டு லட்சத்துக்கு மட்டும் சரி சொல்லாதீர்கள், முன்பணம் கேட்டு எத்தனை தடவை போன் வந்தாலும்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருகிற சாய்ஸ் ஃபில்லிங்கைப் பாப்பாவே செய்யட்டும். ஓடிபி உங்கள் போனுக்கு வந்தால் நம்பரை மட்டும் சொல்லுங்கள்.