கரண்ட் போனால் மீன் தொட்டிக்கு எந்த பேட்டரி?

கேள்வி: 100 லிட்டர் தொட்டி. 20 வாட் கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பாவுக்குள் தண்ணீரைச் சுத்தம் செய்வது), 100 வாட் ஹீட்டர், 30 வாட் விளக்கு. எல்லாவற்றையும் நாலு மணி நேரம் ஓட்ட, பெரிய பேட்டரியோடு இன்வெர்ட்டர் போடச் சொல்கிறார்கள். அவ்வளவு தேவையா?

பதில்: தேவையில்லை. கரண்ட் போனதும் மீனுக்கு முதலில் குறைவது ஆக்சிஜன்தான். விளக்கு அணைந்தால் மீன் தூங்கப் போகும், அவ்வளவே. குளிர் அத்தனை சீக்கிரம் வந்துவிடாது. 100 லிட்டர் தண்ணீரின் வெப்பம் ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 116 வாட்-மணி வேண்டும். சின்ன யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 84. ஹீட்டரை பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். குளிர் காலமென்றால் ஒரு கம்பளியைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்துங்கள், மேல் பக்கம் காற்றுக்கு இடம் விட்டு.

உங்கள் சாமான்கள் மொத்தம் 150 வாட். நாலு மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. அதே நேரம் ஒரு 4 வாட் ஏர் பம்ப் மட்டும் ஓடினால் 16. அந்தப் பதினாறைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். ஏர் பம்பின் டியூபை வெறும் ஏர் ஸ்டோனில் (குமிழி விடும் கல்) சேர்க்காமல் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரில் சேர்த்து, அதை எப்போதும் தொட்டியிலேயே ஓட விடுங்கள். ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா குடியேறியிருக்கும். கரண்ட் போனாலும் காற்று, சுத்திகரிப்பு இரண்டும் நடக்கும்.

தண்ணீர் சூடாக இருந்தால் அவகாசம் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறினால் மீனும் கூடுதலாக மூச்சு வாங்கும். டிஸ்கஸ், தங்கமீன், மீன் நெரிசலான தொட்டி எல்லாம் முதலில் திணறும். பீட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளித்துக்கொள்ளும்.

கேள்வி: 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் இருக்கிறது. 1.5 வாட் யுஎஸ்பி ஏர் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடும்?

பதில்: 20-ஐ 5 வோல்ட்டால் பெருக்கி 100 வாட்-மணி என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 20,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. 20 பெருக்கல் 3.7, அதாவது 74. அதை 5 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும். கையில் மிஞ்சுவது சுமார் 60. 1.5 வாட் பம்புக்கு 40 மணி நேரம். வாங்கும்போதும் பெட்டியில் வாட்-மணி என்ன போட்டிருக்கிறது என்றே பாருங்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல பவர் பேங்குகள், இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். பம்பில் "பத்து நொடி ஓடி, பத்து நொடி நிற்கும்" சிக்கன முறை இருந்தால், அந்த நிற்கும் நேரத்தில் சில பவர் பேங்குகள் மூடிக்கொள்ளும். பம்ப் திரும்ப எழாது. எனவே பம்பைத் தொடர்ந்து ஓடும் முறையில் வைத்து, ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள். சார்ஜில் போட்டபடியே பம்பை ஓட்டலாம் என்று எண்ணினால், சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அந்த மாறும் நொடியில் அணைந்துபோகிற ரகமும் உண்டு, சார்ஜ் ஏறும்போது வெளியே கரண்டே தராத ரகமும் உண்டு.

யுஎஸ்பி பம்புகளுக்கு அழுத்தம் குறைவு. தொட்டி ஆழமாக இருந்தால் ஏர் ஸ்டோனை அடியில் போடாமல் பாதி உயரத்தில் தொங்க விடுங்கள். ஆக்சிஜன் பெரும்பாலும் நீர்மட்டம் கலங்குவதால்தான் ஏறுகிறது, குமிழியால் அல்ல.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ், 600 விஏ. கம்ப்யூட்டரை 20 நிமிடம் தாங்குகிறது. 5 வாட் ஏர் பம்ப் என்றால் விடிய விடிய ஓடுமே?

பதில்: ஓடாது. யுபிஎஸ் தானே 10, 15 வாட் தின்னும். பம்புக்கு 5, யுபிஎஸ்ஸுக்கு 15 என்றால் 84 வாட்-மணி மூன்று நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சில மாடல்கள், சுமை இல்லை என்று எண்ணித் தாமே அணையும். பெரும்பாலான சின்ன யுபிஎஸ்கள் சதுர அலையாகத்தான் கரண்டைத் தருகின்றன. காந்தச் சுருள் பம்ப் அதில் உறுமும், சூடாகும். இருப்பதைப் பயன்படுத்தலாம், அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு. இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியில் டிசி ஏர் பம்ப் வைத்து, கரண்ட் போனதும் தானாக ஓடும்படி நானே செய்ய முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: முடியும். இருப்பதிலேயே உருப்படியான வழியும் இதுதான். கரண்டை ஏற்றி இறக்கும் வீண் வேலை எதுவும் இல்லை.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மூடிய ஈய-அமில பேட்டரி, 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர். 3 வாட் அளவிலான 12 வோல்ட் டிசி ஏர் பம்ப். காரில் வரும் ஐந்து முனை 12 வோல்ட் ரிலே, அதாவது கரண்ட் கொடுத்தால் தானாக மாறும் சுவிட்ச். அதன் சுருளுக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர். 3 ஆம்பியர் ஃபியூஸும் அதன் கூடும். சிவப்பு, கறுப்பு ஒயர்.

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். அடாப்டரை 86, 85 முனைகளில் கொடுங்கள், 86-க்கு ப்ளஸ். பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 87ஏ. முனை 30-இலிருந்து பம்பின் ப்ளஸ். பம்பின் மைனஸ் நேராக பேட்டரி மைனஸுக்கு. 87 சும்மா இருக்கட்டும். வீட்டில் கரண்ட் இருக்கும்வரை அடாப்டர் ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும், பம்ப் துண்டாகி நிற்கும். கரண்ட் போனதும் "டிக்" என்று விடும், பம்ப் ஓடும். ரிலே எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அது கோளாறு இல்லை.

அடிக்கடி நடக்கும் தவறு, 87ஏ-க்குப் பதில் 87-இல் கொடுத்துவிடுவது. அப்படிக் கொடுத்தால் கரண்ட் இருக்கும்போது பம்ப் ஓடி பேட்டரியைத் தின்னும், போனதும் நின்றுவிடும். இன்னொன்று, ஃபியூஸைப் பம்பின் பக்கத்தில் வைப்பது. ஃபியூஸ் பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒயர் ஒட்டினால் ஒயர்தான் பற்றும். அடாப்டரையும் ஃபில்டர் ஓடும் அதே பலகையில் செருகுங்கள். ஃபில்டரின் பிரேக்கர் மட்டும் விழுந்தாலும் அப்போதுதான் பேட்டரி வேலைக்கு வரும்.

ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். 84-இல் பாதி 42. 3 வாட் பம்புக்கு 14 மணி நேரம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் எண்பது, தொண்ணூறு சதவீதம்வரை எடுக்கலாம், எடையும் குறைவு, ஆனால் அதற்கே உரிய சார்ஜர் வேண்டும். எதை வாங்கினாலும் தொட்டியின் மேல் வைக்காதீர்கள், சாரல் படும் அலமாரிக்குள்ளும் அடைக்காதீர்கள். எல்லா ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும்.

கேள்வி: கரண்ட் இல்லாத ஆறு மணி நேரம் மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. வந்து ஒரு மணி நேரத்தில் இரண்டு மிதந்தன. ஏன்?

பதில்: கேனிஸ்டரைச் சந்தேகியுங்கள். மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால், உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைக் குடித்துவிட்டு மடியத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாய்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் கேனிஸ்டர் நின்றிருந்தால், அது தானாக ஓடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட விடுங்கள். அழுகிய முட்டை வாசனை வந்தால் மூக்கே சொல்லிவிடும். அன்று இரை போடாதீர்கள். மறுநாளும் தண்ணீரில் அம்மோனியா அளவைப் பார்த்துவிட்டுக் கொஞ்சமாகப் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போன இரவு, ஏர் பம்ப் வழியாகத் தண்ணீர் தரையில் கொட்டியிருக்கிறது. பம்பும் போய்விட்டது. பம்ப் மட்டமானதா?

பதில்: பம்பின் மேல் தப்பில்லை, அது இருந்த இடம்தான் தப்பு. நீர்மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்து காற்று நின்றால், டியூபில் தண்ணீர் ஏறி, சைஃபன் போல வழிந்துகொண்டே இருக்கும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று. வால்வின் மேல் அம்புக்குறி இருந்தால் அது தொட்டியைப் பார்க்க வேண்டும். பொருத்தும் முன் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டுமே காற்று போகும்.

கேள்வி: டார்ச் செல்லில் ஓடும் ஏர் பம்ப் வாங்கி அலமாரியில் வைத்தால் போதாதா?

பதில்: நீங்கள் வீட்டில் இருக்கும்போது போதும். செல்லைப் பம்புக்குள் போட்டு வைக்காதீர்கள். மாதக் கணக்கில் கிடந்தால் ஒழுகி, தகட்டை அரித்துவிடும். வெளியில், பம்போடு ஒரே பையில் வையுங்கள், ஏர் ஸ்டோனும் டியூபும் சேர்த்து.